1889 கார்சன் சிட்டி மோர்கன் டாலர்: வாங்கலாமா?

பழைய அமெரிக்க வெள்ளி நாணயமான மோர்கன் டாலரைச் சேகரிப்பவர்களிடம் அவசரமாக ஒரு யோசனை கேட்க வேண்டும்.

என்னிடம் இருப்பவை பெரும்பாலும் 1921-இல் அச்சானவை, 1881-இல் சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையில் அச்சானவை போன்ற, தாராளமாகக் கிடைக்கும் நாணயங்கள்தான். இப்போது டென்வரில் ஒருவர் 1889-இல் கார்சன் சிட்டி நாணயச்சாலையில் அச்சான டாலரைத் தருவதாகச் சொல்கிறார். அச்சிட்டதே 3,50,000. 1918-இன் பிட்மன் சட்டத்தின்கீழ் அமெரிக்க அரசு 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கியபோது அதில் எந்த ஆண்டு நாணயம் எத்தனை போயிற்று என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. ஆசை விடவில்லை.

எடை 26.7 கிராம், விட்டம் 38.1 மி.மீ., காந்தம் ஒட்டவில்லை. ஆனால் இதெல்லாம் உலோகத்துக்குத்தான் சாட்சி. நாணயச்சாலை எழுத்தே இல்லாத சாதாரண பிலடெல்பியா டாலரில் கார்சன் சிட்டியின் 'சிசி' எழுத்துகளை ஒட்டி விற்பவனுக்கு எடையா தடை? பின்பக்கத்தில் கழுகின் வாலுக்குக் கீழே, அந்த எழுத்துகள் இருக்கும் இடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். இரண்டாவது 'சி'யைச் சுற்றி மட்டும் பரப்பு மங்கியிருக்கிறது. அழுக்கா, பசையா? போதாததற்கு, முன்பக்கத்தில் இருக்கும் லிபர்ட்டி பெண்ணின் கன்னத்தில் ஒரே திசையில் மெல்லிய கீறல்கள். யாரோ துணியால் தேய்த்துப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

எழுத்து ஒட்டியதா என்று கண்டுபிடிக்க வேறு எதைப் பார்க்க வேண்டும்? நாணயம் அசலா என்று சோதித்துத் தரம் குறிக்கும் பி.சி.ஜி.எஸ். அல்லது என்.ஜி.சி. நிறுவனத்தின் சான்று வந்த பிறகே பணம் என்று விற்பவரிடம் கேட்பது முறைதானா? தேய்த்த நாணயம் என்றால் விலையில் எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்? முதலீடுதான் நோக்கம் என்றால் இப்போது அமெரிக்க அரசு முதலீட்டுக்காக வெளியிடும் வெள்ளி நாணயமான சில்வர் ஈகிள் வாங்கினால் போதாதா என்கிறார் என் மனைவி. அதிலும் நியாயம் இருக்கிறது.

இரு பக்கப் படங்களையும் இணைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.