எடை பார்க்கும் நாளுக்கு முந்தின ராத்திரி: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தோ பாயோ (சிங்கப்பூர்), முன்னாள் குத்துச்சண்டை வீரர்

2014இல் 60 கிலோ பிரிவில் மோதிக்கொண்டிருந்தேன். சாதாரண நாளில் என் எடை 66. சாப்பாட்டைக் குறைத்து மூன்று வாரத்தில் நாலரை கிலோ இறக்கிவிட்டேன். மிச்சம் ஒன்றரை கிலோவைத் தண்ணீராகத்தான் எடுக்கணும் என்றார் பயிற்சியாளர்.

ராத்திரி பத்து மணிக்குக் கறுப்புக் குப்பைப் பையில் கைக்கும் தலைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டேன். அதற்கு மேல் குளிர்ச்சட்டை. எங்கள் புளோக் மாடிப்படியில் கீழிருந்து 12ஆம் மாடி வரைக்கும் ஏறி இறங்கினேன். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் சும்மா நின்றாலே முதுகு நனையும். வியர்வை ஆவியானால்தானே உடம்பு குளிரும். பைக்குள் அதற்கு வழியேது? ஏழாவது தடவை ஏறும்போது வியர்வை நின்றுவிட்டது. நல்லது, முடிந்தது என்று நினைத்தேன். புறங்கைத் தோலைக் கிள்ளிவிட்டால் கிள்ளின மாதிரியே நின்றது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. அப்புறமும் புளிப்பு மிட்டாயை வாயில் போட்டு, ஊறுகிற எச்சிலைக் காலி மைலோ டின்னில் துப்பிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். அம்மா கதவோரம் நின்று பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

காலையில் தராசு 59.9 காட்டியது. மாலை ஐந்து மணிக்கு மோதல். இடையில் கஞ்சி, உப்பும் சீனியும் கலந்த தண்ணீர். முதல் சுற்று என் கையில் இருந்தது. இரண்டாவதில் கை கனத்தது. மூன்றாவதில் எதிராளியின் வலது கை கிளம்புவது கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது, கால் நகர மறுக்கிறது. தோற்றது ஆறிவிட்டது. கால் ஏன் வரவில்லை என்பது மட்டும் பல வருஷம் மனசை அரித்தது. உங்களில் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

ஜூரோங், விளையாட்டு உடலியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர்

அண்ணே, வியர்வை நின்றதும் நல்லது என்று நினைத்ததாக எழுதியிருக்கிறீர்களே, படித்ததும் தூக்கிவாரிப்போட்டது. உடம்பு இனி என்னால் சூட்டைத் தள்ள முடியாது என்று கைவிடுகிற இடம் அது.

மூன்று சுற்று, ஒன்பது நிமிஷம்தானே என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். மோதிவிட்டு வருகிறவரின் காதுமடலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்போம். தசை கடுமையாக உழைக்கும்போது ரத்தத்தில் சேருகிற லாக்டேட், சும்மா இருக்கும்போது லிட்டருக்கு 1, 2 மில்லிமோல்தான் இருக்கும். கடுமையான மூன்று சுற்றுக்கு அப்புறம் 10ஐத் தாண்டுவது சகஜம். குத்து ஒவ்வொன்றும் கண்சிமிட்டும் நேரத்து வெடிப்பு. ஆனால் அடுத்த வெடிப்புக்குத் தசையைத் தயார் செய்து தருவது ஆக்சிஜன். மொத்த ஆற்றலில் பெரும்பங்கு அந்த வழியில்தான் வருகிறது. 190ஐத் தொட்ட இதயத்துடிப்பு ஒரு நிமிஷ இடைவேளையில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள், உயர்நிலை வீரர் யாரென்று அங்கேயே தெரிந்துவிடும்.

மாடிப்படியில் நீங்கள் விட்ட தண்ணீரில் ஒரு பங்கு ரத்தத்திலிருந்து போனது. ரத்தம் குறைந்தால் ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளும் அளவும் குறையும், அதை ஈடுகட்ட வேகமாகத் துடிக்கும். முதல் சுற்றிலேயே உச்சத்துக்குப் போயிருப்பீர்கள். பட்டினியில் தசை சேமித்து வைத்திருந்த சர்க்கரையான கிளைகோஜனும் கரைந்திருக்கும். ஒரு கிராம் கிளைகோஜனோடு கிட்டத்தட்ட மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும், தராசு சட்டென்று இறங்க அதுவும் காரணம். ஒரு கிண்ணம் கஞ்சி எட்டு மணி நேரத்தில் அதையெல்லாம் நிரப்பாது.

2015 டிசம்பரில் ஒன் சாம்பியன்ஷிப் என்ற கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிக்காக மணிலா போன சீன வீரர் யாங் ஜியான் பிங் எடை குறைக்கும்போது விழுந்தார், பிழைக்கவில்லை. வயது 21. சிங்கப்பூரில் தலைமையகம் உள்ள அந்த நிறுவனம் அதற்கு அப்புறம்தான் தண்ணீரை வடித்து எடை இறக்குவதைத் தடை செய்தது. தராசோடு சிறுநீரின் அடர்த்தியையும் பார்க்கத் தொடங்கினார்கள். தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால், அது 1.025க்கு மேல் போனால் உடம்பில் தண்ணீர் போதவில்லை, தேறவில்லை என்று அர்த்தம்.

தெம்பனிஸ், ஜூடோ வீராங்கனையின் அம்மா

அனைத்துலக ஜூடோவில் முதல் நாள் மாலையே எடை பார்த்துவிடுவார்கள். மறுநாள் காலையில் சிலரைக் குலுக்கலில் எடுத்துத் திரும்பவும் நிறுத்துவார்கள், வரம்பைவிட 5 விழுக்காட்டுக்கு மேல் ஏறியிருந்தால் ஆட முடியாது. அந்த விதி எனக்கு ஓரளவு நிம்மதி. ஆனால் போன வருஷம் மகளுக்கு நாலு மாதம் மாதவிலக்கே வரவில்லை. "எல்லாருக்கும் அப்படித்தான்மா" என்றாள். மருத்துவர் எலும்பின் அடர்த்தியைப் பார்க்கணும் என்றபோதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் பயம் வந்தது. செலவழிக்கிற சக்திக்கு ஏற்ற சாப்பாடு இல்லாவிட்டால் உடம்பு முதலில் மூடி வைப்பது மாதவிலக்கைத்தானாம். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஈசூன், தாதி

எங்கள் வார்டுக்கு ஒரு தம்பி வந்தான், முவே தாய் என்கிற தாய்லாந்துக் குத்துச்சண்டைப் பயிற்சி. ஒரு வாரமாகப் பட்டினியோடு பயிற்சி. சிறுநீர் கோப்பி ஓ, அதாவது பால் கலக்காத காப்பி நிறத்தில் போனது. தசை நார் உடைந்து அதன் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கியிருந்தது. தொடையைத் தொட்டாலே கத்தினான். டிரிப் மாற்றப் போனேன். பாட்டிலையே பார்த்துக்கொண்டு, "அக்கா, சனிக்கிழமை எடை பார்க்கணும். இது எத்தனை கிலோ ஏறும்?" என்று கேட்டான். 

தோ பாயோ

ஜூரோங் தம்பிக்கு நன்றி. பன்னிரண்டு மாடியும் திரும்பக் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. தாதி அக்கா எழுதியதை நான் பயிற்சி கொடுக்கும் பையனிடம் நேற்று வாசித்துக் காட்டினேன். அவனும் ஐந்து கிலோ இறக்குவதாகத்தான் இருந்தான். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவனே மேல் பிரிவுக்குப் பெயர் மாற்றிக் கொடுக்கச் சொன்னான். ராத்திரி தேக்காவில் அவனுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். இரண்டு கிளாஸ் தண்ணீரும் என் கண்முன்னே குடித்தான்.