அம்மாவுக்கு இதய நிபுணர் தேடுகிறேன், எதை வைத்து நம்புவது?

தூக்கமில்லாதவன்:
அம்மாவுக்கு 67 வயது. இரண்டு மாதமாகத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, ஒரு நிமிடம் இருக்கும், தானாக அடங்கிவிடும். குடும்ப மருத்துவர் ஈசிஜி எடுத்தார், ஒன்றும் தெரியவில்லை, எதற்கும் ஒரு இதய நிபுணரைப் பாருங்கள் என்றார். இணையத்தில் தேடினால் எல்லோருக்கும் ஐந்து நட்சத்திரம். காப்பீட்டுப் பட்டியலில் இருந்த ஒருவருக்குப் போன் செய்தால் அவர் அங்கிருந்து போய் ஒரு வருடமாகிறதாம். எங்கே ஆரம்பிப்பது?

மழைக்காகம்:
ஈசிஜியில் தெரியாததில் ஆச்சரியமில்லை, அது பத்து விநாடித் துடிப்பைத்தான் பதிகிறது, படபடப்பு அந்த நேரம் பார்த்து வராதே. முதலில் பொது இதய மருத்துவர் போதும், ஹோல்ட்டர் என்று உடம்பில் மாட்டும் சிறு கருவியை வைத்து 24 அல்லது 48 மணி நேரம் துடிப்பைப் பதிவெடுப்பார்கள், எப்போதாவதுதான் வருகிறது என்றால் இன்னும் அதிக நாள் ஒட்டிக்கொள்ளும் பட்டையும் உண்டு. துடிப்பின் ஒழுங்கில் கோளாறு என்று தெரிந்தால் அப்புறம் எலக்ட்ரோபிசியாலஜிஸ்ட், அதாவது துடிப்புக் கோளாறுகளை மட்டும் பார்க்கும் இதய நிபுணர். அடைத்த ரத்தக் குழாயைத் திறக்க ஸ்டென்ட் வைப்பதில் கைதேர்ந்தவர் வேறு ஆள், அவருடைய புகழ் உங்கள் அம்மாவுக்கு உதவாது. ஒன்று மட்டும், மயக்கமோ நெஞ்சு வலியோ மூச்சுத்திணறலோ வந்தால் நிபுணரைத் தேடிக்கொண்டிருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

கோப்புக்காரி:
நட்சத்திரங்களை விடுங்கள், அதில் பாதி பேர் காத்திருந்த நேரத்தைப் பற்றித்தான் எழுதுவார்கள். மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் பதிவு எண்ணைப் போட்டுத் தேடுங்கள். பெயரைப் போட்டால் நம் இனிஷியல் முன்னே பின்னே மாறி, இல்லாத ஆளாகக் காட்டும்! பதிவு இப்போதும் செல்லுபடியாகிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் அந்தப் பதிவு மருத்துவம் பார்க்க உரிமை, அவ்வளவுதான். இதயப் பிரிவில் தனிப் பட்டமோ சான்றோ இருக்கிறதா, எங்கே பயிற்சி என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். பெயருக்குப் பின்னால் வரும் சில எழுத்துகள் ஏதோ ஒரு சங்கத்தில் உறுப்பினர் என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லாது.

பில்லால்_நொந்தவன்:
"எங்கள் காப்பீட்டை எடுத்துக்கொள்வீர்களா" என்று மட்டும் கேட்காதீர்கள், நான் அப்படித்தான் கேட்டேன், வரவேற்பில் "ஓ, எடுப்போமே" என்றார்கள். மருத்துவர் பட்டியலில் இருந்தார், சரி. எக்கோ (இதய ஸ்கேன்) படத்தைப் பார்த்து அறிக்கை எழுதியவர் பட்டியலில் இல்லை, ஆறு வாரம் கழித்து அவர் பெயரில் தனி பில் வந்தது. திட்டத்தின் முழுப் பெயரைச் சொல்லி மருத்துவர், மருத்துவமனை, பரிசோதனைக்கூடம் மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். பரிந்துரைக் கடிதம் வேண்டுமா, பரிசோதனைக்கு முன்அனுமதி வேண்டுமா என்றும். பேசியவர் பெயர், தேதி, அழைப்பு எண் எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள்.

தூக்கமில்லாதவன்:
எல்லோருக்கும் நன்றி. காப்பீட்டுக்காரர்கள் 40 நிமிடம் பாட்டுப் போட்டுக் காக்க வைத்தார்கள். மருத்துவரும் மருத்துவமனையும் பட்டியலில் உண்டு, ஹோல்ட்டருக்கு முன்அனுமதி வேண்டுமாம், நீங்கள் சொல்லாவிட்டால் கேட்டிருக்கவே மாட்டேன். வியாழக்கிழமை நேரம் கிடைத்திருக்கிறது. அந்தப் பழைய ஈசிஜி தாளைத்தான் வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறேன்.