பாதி ஆண்டில் விலகும் ஆசிரியர்கள்: அசல் சான்றிதழை வாங்கி வைப்பது சரியா?

தாளாளர் (நாமக்கல்):
எங்கள் மெட்ரிக் பள்ளியில் பத்தாம் வகுப்புக் கணித ஆசிரியர் அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு விலகிவிட்டார். பொதுத் தேர்வு தலைக்கு மேல் நிற்கிறது. இனிமேல் பணியில் சேரும்போதே அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்து, ஏப்ரலில் திருப்பித் தரலாம் என்றிருக்கிறோம். திட்டுவதற்கு முன் அந்தப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்.

கரும்பலகை:
சான்றிதழைப் பூட்டி வைத்தால் ஆள் இருப்பார், ஐயா. மனது இருக்குமா? என் பழைய பள்ளியிலும் எங்கள் பட்டங்கள் அலுவலக பீரோவில்தான் கிடந்தன. அரசுப் பணிக்கு டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) சரிபார்ப்புக்கு அழைப்பு வந்தபோது, என் சொந்தச் சான்றிதழை ஒரு நாளைக்கு இரவல் கேட்டு மாலைவரை தாளாளர் அறை வாசலில் நின்றேன். அங்கே மே மாதச் சம்பளம் கிடையாது. ஆனால் அதே மே வெயிலில் துண்டறிக்கையைக் கையில் கொடுத்து, ஊர் ஊராகப் பிள்ளை பிடிக்க அனுப்புவார்கள்.

தாளாளர் (நாமக்கல்):
சம்பளத்தைக் கூட்டப் பணம் எங்கிருந்து வரும்? 2009இன் பள்ளிக் கட்டணச் சட்டப்படி கட்டண நிர்ணயக் குழு மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கட்டணத்தை முடிவு செய்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தில் 25 சதவீத இடம் கொடுக்கிறோம், அதற்கான பணம் அரசிடமிருந்து இழுபறியாகத்தான் வருகிறது. அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியரின் அடிப்படைச் சம்பளமே 36,400 ரூபாயில் தொடங்குகிறது. அதோடு நான் எப்படிப் போட்டி போடுவேன்?

வரவு செலவு:
குழுவிடம் செலவுக் கணக்கு காட்டித்தானே கட்டணம் கேட்கிறீர்கள்? அதில் சம்பளமும் ஒரு தலைப்பு. உங்கள் பள்ளியைச் சொல்லவில்லை. ஆனால் வங்கிக் கணக்கில் முழுச் சம்பளத்தைப் போட்டுவிட்டு, மறுவாரம் ஒரு பகுதியை ரொக்கமாகத் திருப்பி வாங்கும் பள்ளிகள் உண்டு. காகிதத்தில் நல்ல சம்பளம், ஆசிரியர் கையில் பாதி.

பிளஸ் டூ அம்மா:
நீங்கள் இருவரும் கணக்குப் பேசுங்கள். என் மகளின் இயற்பியல் நோட்டில் மூன்று பேரின் கையெழுத்து இருக்கிறது. நிலைமின்னியலை இரண்டு முறை நடத்தியாயிற்று. மின்னோட்டவியலில் பாதிக்குமேல் பக்கங்கள் வெறுமை. புதிதாக வந்தவர் அதை ஏற்கெனவே முடித்துவிட்டதாக நினைத்து அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். முழுக் கட்டணமும் ஜூனிலேயே வாங்கிவிட்டார்களே, நான் யாரைக் கேட்பது?

சுண்ணாம்பு:
நான் இன்னும் தனியார் பள்ளியில்தான் இருக்கிறேன். சம்பளம் மட்டுமே காரணம் என்பதை ஏற்க மாட்டேன். தேர்ச்சி விகிதம் குறைந்தால் எல்லார் முன்னிலையிலும் எழுப்பி நிறுத்திக் கேட்பது எங்கள் பள்ளியில் இல்லை. என் மகனுக்கும் அங்கே கட்டணம் இல்லை. அதிகச் சம்பளத்துக்கு அழைத்தும் நான் போகவில்லை.

கரும்பலகை:
மகன் பிளஸ் டூ முடித்த பிறகும் அங்கேயே இருப்பீர்களா, டீச்சர்?

சுண்ணாம்பு:
இருப்பேன் என்று சொல்ல மாட்டேன், சார். அப்போது பணிக்கொடை (வேலையை விடும்போது தரும் கிராஜுவிட்டி) கிடைக்குமா என்பதுதான் என் கவலை. ஐந்து ஆண்டு நிறையும் முன் ராஜினாமா எழுதி வாங்கி, ஜூனில் புதிதாகச் சேர்ப்பதுபோல் காட்டுகிறார்கள்.

வரவு செலவு:
பணிக்கொடைச் சட்டத்தில் 2009இல் செய்த திருத்தம் ஆசிரியர்களையும் அதில் சேர்த்தது. 1997 ஏப்ரல் 3 முதலே அது பொருந்தும் என்றும் சொன்னது. தனியார் பள்ளிகள் எதிர்த்துப் போன வழக்கில், 2022இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தத்தை உறுதி செய்தது. கடைசிச் சம்பளம் 18,000, பணிக்காலம் ஒன்பது ஆண்டு என்றால், 18,000ஐ 26ஆல் வகுத்து, 15ஆலும் ஒன்பதாலும் பெருக்குங்கள். ஏறத்தாழ 93,460 ரூபாய் வரும். ராஜினாமாக் கடிதம் எழுதினாலும் வருகைப் பதிவேடு, வருங்கால வைப்பு நிதிக் கணக்கு இரண்டின் நகலையும் பத்திரமாக வைத்திருங்கள். தொடர்ச்சியாக வேலை செய்ததற்கு அவைதான் சாட்சி.

தாளாளர் (நாமக்கல்):
எங்கள் கணக்கில் பணிக்கொடைக்கு இதுவரை தலைப்பே இல்லை என்பது உண்மை. சான்றிதழ் விஷயத்தை நிர்வாகக் குழுவில் மறுபடியும் வைக்கிறேன். மே மாதச் சம்பளத்துக்கு மட்டும் வாக்குத் தர முடியாது.

கரும்பலகை:
அப்படியானால் சேர்க்கைக்குத் துண்டறிக்கை கொடுக்க நிர்வாகக் குழுவையே அனுப்புங்கள், ஐயா.