இழை: ‘ஜியோகேச்’ - தமிழில் என்ன? (திங்கட்கிழமைக்குள் வேண்டும்)

செ.:
அன்பர்களுக்கு வணக்கம். ஜியோகேச் ஒன்றின் விவரக்குறிப்பைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். நகரின் குடிநீர் நீரேற்று நிலையத்துக்கு அருகே, வேலிக்கு வெளியே, பொதுப்பாதை ஓரத்தில் ஒளித்துவைத்த டப்பா. விளையாட்டு இதுதான்: ஜிபிஎஸ் கருவியோடு போய்த் தேடி, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். இப்போதைக்குப் ‘புவிப்புதையல்’ என்று போட்டிருக்கிறேன். சரியா?

மு.:
புதைத்தால்தானே புதையல்? பள்ளம் தோண்டிப் புதைப்பதை இந்த ஆட்டத்தின் விதிகளே பொதுவாக ஏற்பதில்லை. குடிநீர்க் குழாய் போகும் இடத்தில் புதையல் என்று எழுதினால் எவராவது கடப்பாரையோடு வந்து நிற்பார். ‘பதுக்கை’ எனலாம். புறநானூறு 3: “அம்புவிட வீழ்ந்தோர் வம்பப் பதுக்கை”. பதுங்கு, பதுக்கு, பதுக்கை. வேர் தெளிவாக இருக்கிறது.

வா.:
ஐயா, அந்தப் பதுக்கை இறந்தவர்மேல் குவித்த கற்குவியல். இன்றைய காதுக்கோ பதுக்கல் என்றால் கள்ளச்சந்தை. இந்த டப்பாக்களை வெடிகுண்டு என்று நினைத்து நிபுணர்களை அழைத்ததெல்லாம் நடந்திருக்கிறது. நீரேற்று நிலையத்துக்குப் பக்கத்தில் ‘பதுக்கை’ வேறு வேண்டுமா?

நா.:
ஒளிப்பெட்டி?

வா.:
விளக்குக் கடை என்று நினைப்பார்கள்.

மு.:
அப்படியானால் ‘கரந்துறை’. கரத்தல் என்றால் மறைத்தல், மறைதல் இரண்டும்தான். “காக்கை கரவா கரைந்துண்ணும்” (குறள் 527) என்பதில் வரும் அதே கரத்தல். மிறைக்கவி எனப்படும் சொல்விளையாட்டுச் செய்யுள்களில் கரந்துறைபாட்டு உண்டு. ஒரு செய்யுளுக்குள் இன்னொன்று ஒளிந்திருக்கும், எழுத்தெழுத்தாகத் தேடி எடுக்க வேண்டும். இந்த ஆட்டத்தை நம்மவர்கள் ஓலையிலேயே ஆடிவிட்டார்கள்!

க.:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். குறிப்பில் வால்வு வருகிறதா? ஒருபக்கம் மட்டும் நீரை விடும் வால்வுக்கு ‘ஓரதர்’ என்ற அருமையான சொல் இருக்கிறது. அதர் என்றால் வழி.

செ.:
வால்வு வருகிறது. வால்வு என்றே விட்டுவிட்டேன். பொறுத்தருள்க.

வா.:
கரந்துறை அழகுதான். ஆனால் அதற்கு அடிக்குறிப்பு போட வேண்டியிருக்கும். 2000 மே மாதம் அமெரிக்காவின் ஓரிகனில் முதல் வாளியை ஒளித்துவைத்தவர் இதற்கு வேறு பெயர்தான் வைத்தார். அதே மாதத்திலேயே இன்னொருவர் சொன்ன ஜியோகேச்சிங் வந்து நிலைத்துவிட்டது. ஆடுகிறவர் வாயில் புரள வேண்டும். என் ஓட்டு ‘தேடுபெட்டி’.

மு.:
தேடுபொறியில் பொறி தேடுகிறது. தேடுபெட்டியில் பெட்டியா தேடுகிறது?

வா.:
குடிநீரில் நீரா குடிக்கிறது? வினைத்தொகை இரண்டுக்கும் இடம் கொடுக்கும் ஐயா. உங்களுக்குத் தெரியாததா?

நா.:
தேடுபெட்டிக்கு என் ஓட்டும். தூக்கம் வருகிறது.

க.:
எனக்கும் சம்மதம். ஓரதரை மட்டும் கைவிட வேண்டாம்.

செ.:
நன்றி. தேடுபெட்டி என்றே அனுப்பிவிடுகிறேன். ‘வேலியைத் தாண்ட வேண்டாம், வால்வு மூடியைத் திறக்க வேண்டாம்’ என்ற வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். எந்தச் சொல் புரியாவிட்டாலும் அது புரிந்தாக வேண்டும்.

மு.:
அனுப்புங்கள். ஆனால் இந்த ஆட்டத்தில் விரல்நக அளவுக் குப்பிகளும் உண்டு. அதைப் பெட்டி என்று நான் எழுதமாட்டேன். என் மறுப்பையும் இழையில் பதிந்துகொள்க. அப்புறம் க. அவர்களே, ‘அதர்’ பாலைவழிக்கே பெரிதும் வரும். நீர் ஓடும் குழாய்க்குப் பொருந்துமா? தனி இழையில் பேசுவோம்.