மீனாட்சி இல்லம் (வாட்ஸ்அப் குழு), 29 அக்டோபர் 2024, செவ்வாய்

வசந்தி (லூக்கன், அயர்லாந்து): எல்லாருக்கும் ஒரு விஷயம். பக்கத்து வீட்டு நோரா ஆன்ட்டிக்கு இடுப்பு ஆபரேஷன் ஆனது தெரியும்தானே, அடுப்படியில் கொஞ்ச நேரம்கூட நிற்க முடியவில்லை. வருஷா வருஷம் ஹாலோவீனுக்கு எங்கள் வரிசை வீடுகளுக்கெல்லாம் கோல்கேனன் செய்து கொடுப்பது அவர்தான். இந்த முறை நான் செய்வதாக ஒத்துக்கொண்டுவிட்டேன். வியாழன் சாயங்காலம், நோரா ஆன்ட்டி வீட்டில், பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். யார் என்ன வாங்கி வருகிறீர்கள்?

கார்த்தி: என்ன கேனன்?

வசந்தி: உருளைக்கிழங்கு மசியலில் கேல் கீரை போட்டிருப்பார்களே. போன வருஷம் மூன்று தட்டு சாப்பிட்டாய்

கார்த்தி: ஓ அந்த வெண்ணெய்க் குளம்

திவ்யா: எனக்கு வியாழன் நைட் டியூட்டி அக்கா. ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவேன்

ராஜம் அத்தை (மதுரை): வியாழக்கிழமை தீபாவளி. அண்ணன் போய் ஆறு மாதம்தான் ஆகிறது. இந்த வருஷம் நமக்குப் பண்டிகை இல்லை என்று பேசி முடித்ததை அதற்குள் மறந்துவிட்டீர்களா

வசந்தி: அத்தை இது தீபாவளி இல்லை. இந்த வருஷம் இரண்டும் ஒரே நாளில் வந்திருக்கிறது, அவ்வளவுதான்

ராஜம் அத்தை: பெயர் எதுவானால் என்ன. எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது

நிலா: பாட்டி இதில் எண்ணெயே கிடையாது

நிலா: வெண்ணெய்தான்

ரவி சித்தப்பா (கார்க்): அக்கா, நான் விளக்குகிறேன். நவம்பர் 1 இங்கே புனிதர் அனைவர் திருநாள். அதற்கு முந்தின நாள்தான் ஹாலோவீன், அந்தக் காலத்தில் அன்று கத்தோலிக்க வீடுகளில் கறி சமைக்க மாட்டார்கள், ஒருசந்தி. அதனால்தான் அன்றைக்கென்று கிழங்கு, கீரை, பால், வெண்ணெய் என்று சைவமாகவே சமைத்துப் பழகிவிட்டார்கள். அதற்கும் முன்னால் போனால் அது சௌவின் என்கிற பழைய நாள், அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்குவது, அன்று ராத்திரி செத்துப்போனவர்கள் வீடு தேடி வருவார்கள் என்று அவர்களுக்கும் ஒரு பங்கு எடுத்து வைப்பார்கள். நாம் அமாவாசைக்குப் படைக்கவில்லையா? ஆகவே துக்க வீட்டுக்காரர்கள் சாப்பிட ஒரு தடையும் இல்லை

ராஜம் அத்தை: அண்ணன் காரியத்துக்கு மூன்றாம் நாள் வந்து சேர்ந்தவன் துக்க வீட்டுக்குச் சட்டம் சொல்கிறான்

கார்த்தி: 🫣

ரவி சித்தப்பா: அக்கா அது ஃபிளைட் தாமதம். எத்தனை முறை சொல்வது

ராஜம் அத்தை: கிணற்றடி நிலம் பதிவுக்கு மட்டும் ஒரு நாள் முன்னாலேயே வந்தாய்

வசந்தி: அத்தை ப்ளீஸ். கிழங்கு

ரவி சித்தப்பா: சரி கிழங்கு. ரூஸ்டர் வாங்கு வசந்தி, தோல் சிவப்பாக இருக்கும், கார்லோவில் ஓக் பார்க் ஆராய்ச்சிப் பண்ணையில் உருவாக்கிய ரகம், இங்கே எந்தக் கடைக்குப் போனாலும் அதுதான். கெர்ஸ் பிங்க் கிடைத்தால் இன்னும் மாவாக இருக்கும், ஆனால் கண் ஆழம், தோலை எடுப்பதற்குள் பொழுது போய்விடும். சாலட் கிழங்கு என்று சின்னதாக வழுவழுவென்று இருப்பதைத் தொடாதே, மசியாது. இரண்டு கிலோ, தோலோடு, உப்புப் போட்டுப் பச்சைத் தண்ணீரிலிருந்தே வேகவை, கொதிக்கிற தண்ணீரில் போட்டால் மேலே கரைந்துவிடும் உள்ளே கல்லாக இருக்கும். வடித்த பிறகு அதே பாத்திரத்தில் மேலே ஒரு துணியைப் போட்டுச் சிறு தீயில் இரண்டு நிமிஷம் வை, ஈரம் போனால்தான் வெண்ணெயைக் குடிக்கும். சூட்டோடு உரிக்க வேண்டும், கை பொறுக்காதவர்கள் அந்தப் பக்கம் வரவேண்டாம். பால் 400 மில்லி, அதில் வெங்காயத் தாளை அரிந்து போட்டு

கார்த்தி: மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால் என்ன

ரவி சித்தப்பா: ஐயோ கூடவே கூடாது. பிளேடு பட்டால் மாவுச்சத்தெல்லாம் வெளியே வந்து போஸ்டர் ஒட்டுகிற பசை மாதிரி ஆகிவிடும்

ராஜம் அத்தை: அங்கே மத்து இல்லையா

வசந்தி: அம்மா கொண்டு வந்தது இருக்கிறது அத்தை

ரவி சித்தப்பா: மத்தால் குத்தலாம், கடையக் கூடாது. பால் கொதிவர இருக்கும்போதே ஊற்ற வேண்டும். கேலைத் தண்டு உருவி, வேகவைத்து, பிழிந்து, பொடியாக நறுக்கி கடைசியில் கலப்பது. தட்டில் குவித்து நடுவே குழி, குழியில் வெண்ணெய், ஓரத்திலிருந்து எடுத்து அதில் தொட்டுத் தொட்டுச் சாப்பிட வேண்டும்

திவ்யா: என் வார்டில் ஒரு கெர்ரிக்காரர் கேல் போட்டால் அது கோல்கேனனே இல்லை, முட்டைக்கோஸ்தான் என்கிறார். பக்கத்திலேயே லீட்ரிமிலிருந்து வந்தவர், எதற்கு இதெல்லாம், பாக்ஸ்டி செய் என்கிறார். பச்சைக் கிழங்கு துருவல் பாதி மசியல் பாதி, மோரும் மாவும் சேர்த்துக் கல்லில் சுடுவது

கார்த்தி: அது நல்லா இருக்குமே

ராஜம் அத்தை: கல்லில் சுட்டால் எண்ணெய் விடவேண்டும்

ரவி சித்தப்பா: இரண்டு பேர் சொல்வதும் அவரவர் ஊருக்குச் சரி. கீரையே இல்லாமல் வெங்காயத் தாள் மட்டும் போட்டால் சாம்ப், அது வடக்கே அல்ஸ்டர் பக்கம். இவ்வளவு வகை ஏன் வந்தது என்றால் ஏழை வீட்டில் வேளைக்கு வேளை கிழங்குதான், அதுவும் லம்பர் என்கிற ஒரே ரகத்தை நம்பி இருந்தார்கள், 1845-ல் கருகல் நோய் வந்து

நிலா: தாத்தா பஞ்சம் வேண்டாம், ஸ்கூலில் படித்துவிட்டேன்

ரவி சித்தப்பா: யார் தாத்தா

ரவி சித்தப்பா: ஏறக்குறைய பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதே அளவு பேர் கப்பலேறினார்கள், அப்போதும் இங்கிருந்து தானியம் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்

அம்மா: நேத்து ராத்திரி வெடிச் சத்தம். யார் வீட்டில் தீபாவளி

கார்த்தி: ஐரிஷ் பசங்கள் அம்மா. இங்கே லைசென்ஸ் இல்லாமல் பட்டாசு வெடிப்பது குற்றம், வட அயர்லாந்திலிருந்து கடத்திக்கொண்டு வந்து வெடிக்கிறார்கள்

அம்மா: நம்ம ஊர்ப் புத்திதான்

நிலா: நோரா ஆன்ட்டி எனக்கு ஒரு சின்ன டப்பா கொடுத்திருக்கிறார். மோதிரம், காசு, பட்டன், தையல்காரர் விரலில் போடுகிற தொப்பி. பேக்கிங் பேப்பரில் சுற்றி மசியலுக்குள் ஒளித்து வைக்க வேண்டுமாம். மோதிரம் வந்தால் வருஷத்துக்குள் கல்யாணம், காசு வந்தால் பணம். பட்டன் வருகிற பையனுக்கும் விரல் தொப்பி வருகிற பெண்ணுக்கும் கல்யாணமே ஆகாதாம்

திவ்யா: சின்னப் பிள்ளைகள் தட்டில் எதுவும் வேண்டாம். தொண்டையில் சிக்கினால் எமர்ஜென்சியில் அன்றைக்கு நான்தான் இருப்பேன்

ராஜம் அத்தை: மோதிரத்தைப் பிரவீன் தட்டில் வையுங்கள்

ரவி சித்தப்பா: துக்க வருஷத்தில் கல்யாணப் பேச்சு எடுக்கலாமா அக்கா?

ராஜம் அத்தை: பேச்சுதானே. 33 முடிகிறது அவனுக்கு. மேலூரில் ஒரு ஜாதகம் வந்திருக்கிறது, பெண் பி.ஃபார்ம்

பிரவீன் குழுவிலிருந்து வெளியேறினார்

கார்த்தி: 😂😂

நிலா: அவருக்குப் பட்டன்தான்

ரவி சித்தப்பா பிரவீனைச் சேர்த்தார்

அம்மா: குரல் செய்தி (0:52)

கார்த்தி: பஸ்ஸில் இருக்கிறேன், என்ன சொல்கிறார்கள்?

வசந்தி: நோரா வீட்டுக்குத் தானும் வருகிறாராம். அப்பா தவறிய வாரம் நோரா ஆன்ட்டி சர்ச் பூசையில் அப்பா பெயரைச் சொல்லி வேண்டச் சொன்னதை எடுத்துச் சொல்லி, அவள் கூப்பிட்டு நான் போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்கிறார். அத்தை, கேட்டீர்களா?

ராஜம் அத்தை: மதினி போவதென்றால் நான் யார் சொல்ல. தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்க வேண்டாம், புதுத் துணி வேண்டாம், அது போதும்

அம்மா: அப்பாவுக்கு ஒரு தட்டு தனியா எடுத்து வை

கார்த்தி: அப்பாவுக்கு உருளைக்கிழங்கு என்றாலே வாய்வு ஆச்சே

அம்மா: பெருங்காயம் போடு

ரவி சித்தப்பா: மதினி கோல்கேனனில் பெருங்காயமா!! ஐரிஷ்காரர்கள் வீட்டில்!!

அம்மா: அவர் தட்டுக்கு மட்டும்

ராஜம் அத்தை: ரவி, வெண்ணெய் எவ்வளவு போடச் சொன்னாய்?

ரவி சித்தப்பா: கால் கிலோ. அது பன்னிரண்டு பேருக்கு

ராஜம் அத்தை: ஸ்டென்ட் வைத்தவன் நீ. குழி இல்லாமல் சாப்பிடு

வசந்தி: சரி முடிப்போம். கிழங்கு நான் வாங்குகிறேன். பாலும் வெண்ணெயும் கார்த்தி. திவ்யா கிளம்புவதற்கு முன்னால் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். சித்தப்பா ரயிலா காரா?

ரவி சித்தப்பா: கார். கார்க் சந்தையிலிருந்து கெர்ஸ் பிங்க் ஐந்து கிலோ கொண்டு வருகிறேன்

வசந்தி: வேண்டாம் சித்தப்பா நான் ரூஸ்டர் வாங்குகிறேன் என்றுதானே சொன்னேன்

ரவி சித்தப்பா: இரண்டும் இருக்கட்டும்

நிலா: கேல் யார்?

கார்த்தி: எங்கள் பக்கத்துக் கடையில் தீர்ந்துவிட்டது

திவ்யா: முட்டைக்கோஸ் போட்டுவிடலாமே, கெர்ரிக்காரர் சந்தோஷப்படுவார்

நிலா: நோரா ஆன்ட்டி சாப்பிட மாட்டார்

ராஜம் அத்தை: முருங்கைக்கீரை கிடைக்காதா அங்கே

பிரவீன்: நான் வாங்கி வருகிறேன். ஆனால் அந்த டப்பாவை யாராவது தொட்டால் வாசலிலிருந்தே திரும்பிவிடுவேன்

ராஜம் அத்தை: பிரவீன் ஃபோனை எடு