பீரோவில் பூட்டிக் கிடக்கும் ஆய்வகப் பொருள்கள்: ஒன்பதாம் வகுப்புக்கு எங்கே தொடங்குவது?

மலைமேல் டீச்சர்
ஏற்காடு பக்கம் ஒரு சின்ன உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். முகவை, கூம்புக் குடுவை, அளவு சாடி, பியூரெட் (அடியில் திருகு குழாய் உள்ள நீள அளவுக் குழாய்), சாராய விளக்கு, வெப்பமானி எல்லாமே பீரோவில் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் நோட்டில் படம் வரைவதோடு சரி. மேசைமேல் அடுக்கி ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னால் பத்து நிமிடத்தில் கடைசி பெஞ்சு ஜன்னலுக்கு வெளியே போய்விடுகிறது. 40 பேருக்கு ஒரே அறை, உடைந்தால் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற பயம் வேறு. உருப்படியாகச் செய்தவர்கள் சொல்லுங்களேன்.

சூரமங்கலம் கெமிஸ்ட்ரி
டீச்சர், பெயரை முதலில் சொல்லாதீர்கள், வேலையைக் கொடுங்கள். முதல் நாள் வெறும் கலர் தண்ணீர் போதும். முகவையில் 50 மில்லி கோடு வரை ஊற்றி, அதையே அளவு சாடியில் மாற்றச் சொல்லுங்கள், பெரும்பாலும் சரியாக 50 வராது. ஏன் வரவில்லை என்று அவர்களே சண்டை போட ஆரம்பிப்பார்கள். முகவைக் கோடு சும்மா ஒரு குத்துமதிப்புக்குத்தான் என்பதை அப்போது சொன்னால் மறக்கவே மாட்டார்கள். நின்றுகொண்டு பார்ப்பவனுக்கு ஒரு அளவு, குனிந்து கண்ணை நேராக வைப்பவனுக்கு இன்னொரு அளவு வரும், அதையும் பிடித்துக்கொள்ளுங்கள். பியூரெட்டில் ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டு என்று எண்ணவிடுங்கள். சுமார் 20 வரும், குழாயைத் திருகும் கை தானாகப் பழகிவிடும்.

அப்புறம் நம்ம ஊர் ஜவ்வரிசி இருக்கவே இருக்கிறது. வேகவைத்த தண்ணீரை ஆறவைத்து, சோதனைக் குழாயில் கொஞ்சம் எடுத்து ஒரு சொட்டு அயோடின் விட்டால் கருநீலம். அதை இடுக்கியில் பிடித்துச் சாராய விளக்கில் சூடாக்கினால் நிறம் மங்கும், ஆறினால் திரும்ப வரும். இடுக்கி எதற்கு என்று தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

லேப் அசிஸ்டென்ட் அண்ணன்
மேலே சார் சொன்னது சரிதான், ஆனால் சாராய விளக்குக்குப் போகுமுன் சில விஷயம். எரியும் விளக்கில் ஸ்பிரிட் ஊற்றக் கூடாது, ஊதி அணைக்கக் கூடாது, மூடிதான். குழாயின் வாய் யார் முகத்தையும் பார்க்கக் கூடாது. திரவத்தை உறிஞ்சி எடுக்கும் பிப்பெட்டில் வாய் வைப்பதை இன்னும் சில இடங்களில் பார்க்கிறேன், தண்ணீராக இருந்தாலும் விடாதீர்கள், ரப்பர் பல்பு வாங்குங்கள். பழைய பாதரச வெப்பமானி இருந்தால் அதை எடுக்கவே வேண்டாம், சிவப்புத் திரவம் உள்ளது போதும். 40 பேரையும் ஒன்றாக நிறுத்தாமல் பாதிப் பேருக்குக் கண்ணாடிப் பொருள்கள், மீதிப் பேருக்கு ஸ்கேல், நுணுக்கமாக நீளம் அளக்கும் வெர்னியர் என்று பிரித்துவிட்டால் உடைசலும் குறையும்.

சேலம் பிசிக்ஸ்
வெப்பமானி என்றால் உங்கள் ஊருக்கு அதிர்ஷ்டம் டீச்சர். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், கீழே சேலத்தில் 99 ஒட்டி வரும். புத்தகத்தில் 100 என்று படித்த பிள்ளைகள் வெப்பமானி கெட்டுப்போச்சு என்பார்கள். அப்போது உருகும் ஐஸில் வைத்துக் காட்டுங்கள், சைபர் காட்டினால் அவ்வளவு சீக்கிரம் அதன்மேல் பழி போட முடியாது. வெப்பமானியின் குமிழ் பாத்திரத்தின் அடியைத் தொடாமல் பிடிக்க வேண்டும். வீட்டிலிருந்து காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியை யாராவது கொண்டுவருவார்கள், அதைக் கொதிநீரில் விட்டால் உடையும், கவனம்.

மலைமேல் டீச்சர்
நன்றி சார், 95 விஷயம் எனக்கே தோன்றவில்லை, வரும் வாரம் அதைத்தான் முதலில் செய்யப்போகிறேன். பள்ளியில் அயோடின் பாட்டில் காலி. வேறு வழி உண்டா?

சூரமங்கலம் கெமிஸ்ட்ரி
மருந்துக் கடையில் காயத்துக்குப் போடும் போவிடோன் அயோடின் வாங்குங்கள், தண்ணீரில் கலந்து வெளிர்ப் பழுப்பாக்கினால் ஜவ்வரிசித் தண்ணீரோடு நீலம் வரும். சூடாக்கி நிறம் மங்குவதைக் காட்ட மட்டும் ஆய்வக அயோடினுக்குக் காத்திருங்கள்.