கூண்டு ஏற்றியிருந்த நாளில் பார்த்த படம்

பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றி மூன்றாவது நாள். கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடையாது, படகெல்லாம் தெற்குவாடியில் கட்டிக் கிடந்தன. அன்றைக்குத்தான் சித்தப்பாவோடு உட்கார்ந்து ‘மைனாரிட்டி ரிப்போர்ட்’ பார்த்தேன். ஸ்பீல்பெர்க் எடுத்து 2002இல் வந்த படம். வசனத்தை நான் தமிழில் சொல்லச் சொல்ல, அவர் வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டே பார்த்தார்.

கதை 2054இல், வாஷிங்டனில் நடக்கிறது. தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் மூன்று பேருக்கு நடக்கப்போகும் கொலை முன்கூட்டியே தெரிந்துவிடும். கொல்லப்போகிறவன் பெயர் ஒரு மர உருண்டையில் பொறித்து வரும். அவன் கை ஓங்கும் முன்பே போலீஸ் பிடித்துவிடும். ஒருநாள் அந்தப் பிரிவின் தலைவர் டாம் குரூஸ் பெயரே உருண்டையில் வருகிறது.

எனக்குப் பிடித்தது ஒரு சின்னக் காட்சி. நடக்காத குற்றத்துக்குக் கைது செய்வது சரியா என்று விசாரிக்க வந்த அதிகாரி கேட்பார். டாம் குரூஸ் ஓர் உருண்டையை உருட்டிவிடுவார். கீழே விழும் முன் அதிகாரி பிடித்துவிடுவார். ஏன் பிடித்தீர்கள்? விழப்போனதே! ஆனால் விழவில்லையே?

சித்தப்பா உடனே, “நம்ம கூண்டும் இதுதானப்பா. புயல் வராட்டி, நாலு நாள் பொழப்பு வீணாப்போச்சுன்னு பேசுவாங்க. போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு யாருக்குத் தெரியும்?” என்றார்.

சரிதான். ஆனால் எனக்கு உடன்பாடு பாதிதான். காற்று மனசு மாறித் திரும்புவதில்லை; மனுஷன் கடைசி நொடியில்கூடக் கத்தியைக் கீழே போடலாம். படமும் அதைத்தான் சொல்கிறது. அவரிடமும் சொன்னேன். தலையாட்டினார், ஒப்புக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

அப்புறம் அந்த நீச்சல்குளக் காட்சி. யார் அதிக நேரம் மூச்சைப் பிடிப்பது என்று அப்பாவும் மகனும் போட்டி. அப்பா முங்கி எழுந்து பார்த்தால் பிள்ளையைக் காணோம். எத்தனையோ தலைகள், அவன் தலை மட்டும் இல்லை. முன்கூட்டிச் சொல்லும் அந்த மூன்று பேரை டாம் குரூஸ் ஏன் அப்படி நம்புகிறார் என்று அங்கேதான் எனக்குப் புரிந்தது.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது சித்தப்பாவுக்கு 6 வயது. அவருடைய அக்கா அந்த இரவில் போனவர். அது எனக்குத் தெரியும், ஆனால் படம் போடும்போது நினைவில்லை.

ஊசி பாதிக் கண்ணியில் நின்றிருந்தது. படம் முடியும்வரை அவர் அதை நகர்த்தவே இல்லை.